பழைய வண்டிக்கு இன்ஜின் மாத்தணும்னு சொல்லிட்டாங்களா? காசு எங்கெங்க போகுதுன்னு முதல்ல பாப்போம்

14, 15 வருஷம் ஓடுன கார் ஒரு நாள் ரோட்டுலயே நின்னுடும், ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போனா "இன்ஜின் போச்சு சார், மாத்திடுங்க"ன்னு ஒரு வார்த்தை வரும், உடனே நம்ம வாயில வர்ற கேள்வி எவ்ளோ ஆகும்ங்கறதுதான். கடலூர்ல ஒருத்தர் 35,000ன்னு சொல்வார், புதுச்சேரில ஒருத்தர் 80,000ம்பார், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஒன்றரை லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் அடிச்சு கையில குடுப்பாங்க. இதுல ரெண்டு பேராவது நம்மள ஏமாத்துறாங்கன்னு தோணும். பெரும்பாலும் அப்படி கிடையாது. மூணு பேரும் மூணு வேற வேலைக்கு விலை சொல்றாங்க, எல்லாத்துக்கும் பேரு மட்டும் "இன்ஜின் வேலை".

அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது, விலையை ரெண்டாவதா கேளுங்க, இன்ஜின் எதனால போச்சுன்னு முதல்ல கேளுங்க. அந்தக் காரணம் தெரிஞ்சாதான் என்ன வேலை பண்ணணும்னு தெரியும், என்ன வேலைன்னு தெரிஞ்சாதான் விலைக்கு அர்த்தம் இருக்கும். காரணம் தெரியாம இன்ஜினை மாத்திட்டா, பழைய இன்ஜினைக் கொன்ன அதே விஷயம் புது இன்ஜினையும் கொல்லும், இது வருஷா வருஷம் நம்ம ஊர் ஷெட்டுங்கள்ல நடக்குறதுதான்.

சரி, "போச்சு"ன்னா என்ன? வண்டியோட புகையே பாதி சொல்லிடும். நீலமா புகை வந்தா ஆயில் எரியுது, அதாவது பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம் இல்ல வால்வு சீல் போயிருக்கலாம். வெள்ளையா அடர்த்தியா, சூடானப்புறமும் நிக்காம வந்தா கூலண்ட் உள்ள போய் எரியுது, ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்க ஹெட்டுக்கு அடியில வர்ற அடைப்புத் தகட்டைப் பாக்கணும். கருப்பா வந்தா எரிபொருள் அதிகமா போகுது, அது பல நேரம் இன்ஜின் கோளாறே இல்ல, இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ சென்சாரோ தான். புகையே இல்லாம கீழ இருந்து டொக்கு டொக்குன்னு கனமா சத்தம் வந்தா பேரிங் போயிருக்கு, அது ஆயில் குறைஞ்சோ ஆயில் பம்ப் வீக்காகியோ வந்த வினை. இந்தச் சத்தத்தோட வண்டியை ஷெட் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்னு நினைக்காதீங்க, அந்த 5 கிலோமீட்டர்ல, பிஸ்டனோட ஏற்ற இறக்கத்தை சுத்தலா மாத்துற கிராங்க் ஷாஃப்ட்ல கோடு விழுந்து, சில ஆயிரத்துல முடிய வேண்டியது பல ஆயிரமா ஆயிடும். அங்கயே நிறுத்திட்டு டோ பண்ணுங்க.

இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் இருக்கு, கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டைல ஒரு மீட்டரை மாட்டி செல்ஃப் அடிப்பாங்க, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் கட்டுதுன்னு காட்டும். பெட்ரோல் வண்டில நல்லா இருக்குற சிலிண்டர் பொதுவா 150லருந்து 180 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டும், டீசல்ல 300க்கு மேல. இதுல எண்ணைவிட முக்கியம் சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம். மூணு சிலிண்டர் 160 காட்டி ஒண்ணு மட்டும் 90 காட்டுதுன்னா அந்த ஒண்ணுலதான் பிரச்சனை. அப்புறம் அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊத்திட்டு மறுபடி டெஸ்ட் பண்ணணும். அழுத்தம் ஏறுச்சுன்னா ரிங்கும் போரும், அதாவது சிலிண்டரோட உள்சுவரும், தேஞ்சிருக்கு, ஊத்துன ஆயில் அந்த இடைவெளியை தற்காலிகமா அடைக்குது, அதான் ஏறுது. ஏறலைன்னா பெரும்பாலும் வால்வுலயோ ஹெட் கேஸ்கெட்டுலயோதான் லீக், ரிங்கும் போரும் நல்லாருக்கு. பாருங்க, ஒரு ஸ்பூன் ஆயில்ல, ஹெட்டை மட்டும் கழட்டினா போதுமா இல்ல மொத்த இன்ஜினையும் இறக்கணுமாங்கறது தெரிஞ்சுடுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல பல ஆயிரம் ரூபா வித்தியாசம். இந்த டெஸ்ட்டைப் பண்ணாமயே இன்ஜின் மாத்தணும்னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க, வேற எந்த அறிவுரையை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

இப்ப வேலைங்களைப் பாப்போம், சின்னதுலருந்து பெருசுக்கு.

முதல்ல ஹெட் வேலை. வண்டி ஓவர்ஹீட் ஆகி நின்னா பெரும்பாலும் இதுதான். இப்ப வர்ற கார்ல சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூடு ஏறுனா வளைஞ்சுடும். மெக்கானிக் ஒரு நேரான ஸ்டீல் பட்டையை ஹெட் மேல வச்சு, அதுக்கு அடியில ஃபீலர் கேஜ் தகடு நுழையுதான்னு பாப்பார், நிறைய சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு 0.05 மில்லிமீட்டர் தான் லிமிட், அதுக்கு மேல போனா ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் அடிக்கணும், அதாவது அடிப்பக்கத்தை சமமா சீவணும். கூடவே வால்வு கிரைண்டிங், வால்வு சீல், புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட். இன்ஜின் வண்டியிலேயே இருக்கும், இறக்க வேண்டாம். சின்ன கார்னா 10,000லருந்து 20,000க்குள்ள முடிக்கலாம்.

அடுத்தது முழு ஓவர்ஹால், நம்மாளுங்க "போர் வேலை"ன்னு சொல்றது. இன்ஜினை இறக்கி, ஒவ்வொரு நட்டா பிரிச்சு, சிலிண்டருங்க இருக்க பிளாக்கை லேத்துக்கு அனுப்புவாங்க. முடிஞ்சா அந்த லேத்துக்கு நீங்களும் ஒரு தடவை போய் நின்னு பாருங்க, காசு எங்க போகுதுன்னு அங்கதான் புரியும். போர் கேஜை சிலிண்டருக்குள்ள விட்டு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு திசையில அளப்பாங்க. தேய்மானம் மேல்ப்பக்கம்தான் அதிகமா இருக்கும், மேல் ரிங் போய் நின்னு திரும்புற இடத்துல, சிலிண்டரோட மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நகத்தை வச்சு இழுத்தா ஒரு படி மாதிரி தட்டும், அது நல்லா தட்டுச்சுன்னா வெறும் ரிங் மாத்தி பிரயோஜனம் இல்ல. சிலிண்டரும் வட்டமா இருக்காது, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதை 0.25 இல்ல 0.50 மில்லிமீட்டர் பெருசா போர் அடிச்சு, அந்த சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடுவாங்க. அதுக்கு மேலயும் தேஞ்சிருந்தா, பிளாக்கைப் பொறுத்து சிலிண்டருக்குள்ள புது ஸ்லீவ், அதாவது உறை, இறக்கணும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இதே கதை, தேஞ்சிருந்தா கிரைண்டிங் அடிச்சு, மெலிஞ்ச ஷாஃப்ட்டுக்கு ஏத்த அண்டர்சைஸ் பேரிங் போடணும்.

இதுல ஒரு விஷயம், பிஸ்டன் கையில வந்தப்புறம்தான் போர் அடிக்கணும், பிஸ்டனை அளந்து அதுக்கு ஏத்த மாதிரி போர் அடிக்கிறதுதான் முறை. "போர் அடிச்சு வச்சாச்சு, பிஸ்டன் நாளைக்கு வரும்"னு யாராவது சொன்னா நின்னு கேளுங்க.

மூணாவது ஹாஃப் இன்ஜின். பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் கம்பெனியே கோத்து புதுசா குடுக்குறது, ஹெட்டு மட்டும் உங்க பழசு. கிடைச்சா நல்ல வழி, ஆனா பழைய மாடலுக்கு எல்லா கம்பெனியும் வச்சிருக்க மாட்டாங்க. நாலாவது, வேற வண்டில இருந்து கழட்டுன செகண்ட்ஸ் இன்ஜின். அஞ்சாவது, கம்பெனில இருந்து முழு புது இன்ஜின், 15 வருஷ வண்டிக்கு இது பெரும்பாலும் கட்டுப்படி ஆகாது, வண்டி விலையையே தாண்டிடும்.

ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ஓவர்ஹால் கணக்கு எப்படிப் போகும்னு போட்டுக் காட்டுறேன். இது ரேட் கார்டு இல்ல, கணக்கு போடுற விதத்துக்கு மட்டும், உங்க வண்டிக்கு நம்பர் மாறும். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட் எல்லாம் சேத்து 14,000ன்னு வைங்க. லேத்ல போர், கிராங்க், ஹெட் ஃபேஸ், வால்வு எல்லாத்துக்கும் 7,000. மெக்கானிக் கூலி 10,000. ஆச்சு 31,000. ஷெட்ல "30, 35 ஆகும்"னு சொன்னாரே, அந்தக் கணக்கு இதுதான், அவர் பொய் சொல்லலை. ஆனா இதோட நிக்காது. டைமிங் பெல்ட் இல்ல செயின் கிட், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், இன்ஜின் மவுண்ட்டு, ரேடியேட்டர் ஹோஸ், ஆயில், ஃபில்டர், கூலண்ட், இதெல்லாம் 10,000லருந்து 12,000. இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிஞ்சு கிடக்கும்போது கிளட்ச் செட்டைப் பாக்காம மாட்டுறது தப்பு, ஆறு மாசம் கழிச்சு கிளட்ச் போனா அதுக்குன்னு தனியா கியர்பாக்ஸ் இறக்கக் கூலி குடுக்கணும், அதனால கிளட்ச் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா இப்பவே போட்டுடணும், அது ஒரு 5,000, 6,000. டோ பண்ண செலவு தனி. பில்லோட வாங்குனா ஜிஎஸ்டி இருக்கு, 28 சதவீதமா இருந்த வண்டி பார்ட்ஸ் வரி 2025 செப்டம்பர் 22லருந்து 18 ஆயிருக்கு, அது ஒரு நிம்மதி. எல்லாம் கூட்டுனா 50,000 தொட்டுடும். அதனால எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது, வாயில சொன்ன தொகைக்கு மேல பாதி சேத்து கையில வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிங்க.

டீசல்னா கணக்கே வேற. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டான்னு நம்ம ரோடு முழுக்க ஓடுன 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கோங்க, ஃபியட்டோட டிசைன், 1248 சிசி, மாருதி டீசலை 2020ல நிறுத்திடுச்சு, ஆனாலும் வண்டிங்க இன்னும் நிறைய ஓடுறதால பார்ட்ஸுக்கு இப்போதைக்குப் பஞ்சம் இல்ல. இதுல இன்ஜின் வேலையோட நாலு இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ இதெல்லாம் சேந்துக்கும். இன்ஜெக்டரை டீசல் பம்ப் சர்வீஸ் பண்ற கடைல குடுத்து டெஸ்ட் பெஞ்சுல ஓட்டிப் பாக்கணும், டர்போ ஷாஃப்ட்டை விரல்ல பிடிச்சு ஆட்டிப் பாக்கணும். ஓவர்ஹால்னு ஆரம்பிச்சது இதெல்லாம் சேந்து லட்சத்தைத் தாண்டுறது சாதாரணம். டீசல் கார் வச்சிருக்கவங்க எஸ்டிமேட் கேக்கும்போது "இன்ஜெக்டரும் டர்போவும் இதுல சேத்தியா"ன்னு தனியா கேட்டு எழுதி வாங்குங்க. பைக்குக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சி தேவையில்ல, தினமும் வேலைக்கு ஓட்டுற சாதாரண பைக்குக்கு போர் கிட், அதாவது சிலிண்டரும் பிஸ்டனும் சேந்த செட்டை மாத்திட்டு போயிட்டே இருக்கலாம்.

செகண்ட்ஸ் இன்ஜின் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நம்ம பக்கத்துல நிறைய பேர் இதைத்தான் யோசிக்கிறாங்க. கடலூர், புதுச்சேரில காயலாங்கடைங்கள்ல கிடைக்கும், கிடைக்கலைன்னா சென்னை புதுப்பேட்டைக்குப் போவாங்க. ஓவர்ஹால்னா 10 நாளுக்கு மேல இழுக்கும், இது ரெண்டு மூணு நாள்ல வண்டில ஏறிடும், அதான் கவர்ச்சி. விலையும் ஓவர்ஹாலைவிடக் கம்மியா தெரியும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்குறோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல சென்னைல முங்குன கார் எத்தனை, 2024ல ஃபெஞ்சல்ல நம்ம பக்கமே முங்குனது எத்தனை, அந்த மாதிரி வண்டிங்களோட இன்ஜினும் மார்க்கெட்டுக்கு வரத்தான் செய்யும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்க, பால் கலந்த காபி கலர்ல பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா ஆயிலோட தண்ணி கலந்திருக்கு, நகருங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி போர் உள்ள டார்ச் அடிச்சா துரு கோடு தெரியும். கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையால சுத்திப் பாருங்க, முழு சுத்து தடையில்லாம வரணும். ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, இல்லைன்னா குறைஞ்சது ஸ்டார்ட்டிங் கேரண்டியாவது பில்லுல எழுதி வாங்குங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் இன்ஜின் நம்பர். பிளாக்ல பஞ்ச் பண்ணியிருக்க நம்பரைத் தேய்ச்சிருந்தாலோ, வெல்டு வச்சு மறைச்சிருந்தாலோ, எவ்ளோ மலிவா குடுத்தாலும் தொடாதீங்க, அது திருட்டு வண்டியோட இன்ஜினா இருந்தா நாளைக்கு ஸ்டேஷன்ல பதில் சொல்ல வேண்டியது நீங்க. அந்த இன்ஜின் இருந்த வண்டியோட ஆர்சி நகல், இல்ல ஸ்க்ராப்புக்குப் போனதுக்கான பேப்பர், கூட கடை பில்லு, இந்த மூணுல பில்லும் இன்னொண்ணும் இல்லாம காசு குடுக்காதீங்க.

ஏன் பேப்பருக்கு இவ்ளோ அழுத்தம் குடுக்குறேன்னா, இன்ஜின் நம்பர் ஆர்சில இருக்கு. இன்ஜின் மாறுனா ஆர்சி மாறணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவு இதைத்தான் சொல்லுது, இன்ஜின் மாத்துன 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல தெரிவிச்சு, ஆர்சியையும் ஃபீஸையும் குடுத்து புது நம்பரை ஏத்தணும். டிஎன்-31 வண்டின்னா கடலூர்ல, பிஒய்-01 வண்டின்னா புதுச்சேரி போக்குவரத்துத் துறைல. அதே மாடல், அதே எரிபொருள் இன்ஜின்னா வேலை நேரா போயிடும். பெட்ரோல் வண்டில டீசல் இன்ஜினைத் தூக்கி வைக்கிறது மாதிரி ஆசையெல்லாம் அனுமதி வாங்காம செய்ய முடியாது. வண்டி லோன்ல இருந்தா பேங்க்குலயும் எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. போர் அடிச்சு ஓவர்ஹால் பண்ணுனா பிளாக் அதேதான், நம்பரும் அதேதான், இந்த அலைச்சல் எதுவும் கிடையாது. ஓவர்ஹாலுக்கு நான் சாய்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆர்சில ஏத்தாம ஓட்டிட்டே இருக்கறவங்க இருக்காங்க, ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நம்பரைப் பாக்குற அன்னிக்குதான் வலிக்கும். வித்தா வாங்குறவரும் இதே கேள்வியைக் கேப்பார், எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போனாலும் இதே கேள்வி வரும்.

இன்சூரன்ஸ்னு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். தேய்மானத்தால போன இன்ஜினுக்கு எந்த சாதாரண பாலிசியும் ஒரு பைசா தராது, அது ஆக்சிடென்ட் இல்லங்கறது அவங்க கணக்கு. வெள்ளம் மட்டும் தனி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, மழை நிக்காம கொட்டி, ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான இடமெல்லாம் முங்குச்சு, ரெண்டு நாள்ல சாத்தனூர் தண்ணி தென்பெண்ணைல வந்து கடலூர் பக்கமும் வீடுங்களுக்குள்ள புகுந்துச்சு, நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல தண்ணில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறதுதான் இன்ஜினைக் கொல்ற வேலை. காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா பிஸ்டன் மேல வந்து தண்ணில முட்டும், கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், சில நேரம் பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துடும். தண்ணில நின்ன வண்டியை நீங்களா ஸ்டார்ட் பண்ணி வந்த சேதம்னா சாதாரண பாலிசில கிளெய்ம் நிக்காது, அதுக்கு இன்ஜின் புரொடெக்ட்னு தனி ஆட்-ஆன் இருக்கணும், பழைய வண்டிக்கு அதை பொதுவா குடுக்க மாட்டாங்க. அதனால தண்ணி ஏறுன வண்டில சாவியையே போடாதீங்க, பேட்டரி வயரைக் கழட்டிட்டு, ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு, டோ பண்ணி ஷெட்டுக்கு அனுப்புங்க. அங்க பிளக்கைக் கழட்டி, கையால சுத்தி, தண்ணியை வெளிய பீய்ச்சிட்டு, ஆயில் மாத்துனா நிறைய இன்ஜின் பொழைச்சுக்கும். பொழைச்சுதுன்னா செலவு சில ஆயிரத்தோட போச்சு.

இப்ப பெரிய கேள்வி, இந்த வண்டிக்கு இவ்ளோ செலவு பண்ணலாமா. எல்லாரும் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, வண்டி மார்க்கெட் விலைல பாதிக்கு மேல ரிப்பேர் வந்தா வித்துடு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. 90,000க்கு விலை போற வண்டிக்கு 50,000 செலவு பண்ணா நஷ்டம்னு தோணும். ஆனா வித்துட்டு வேற வாங்கணும்னா, இன்ஜின் போன வண்டிய எடுக்குறவர் 25,000, 30,000தான் தருவார், கைல இருக்க 50,000ம் சேத்தா 80,000. 80,000க்கு என்ன வண்டி கிடைக்கும்? அதே மாதிரி ஒரு பழைய வண்டி, வேற ஒருத்தர் ஓட்டுனது, அதோட இன்ஜின் எப்ப போகும்னு தெரியாது. நம்ம வண்டியோட வியாதி நமக்குத் தெரியும். அந்தக் கணக்குல பாத்தா ரிப்பேர் பண்றது பல நேரம் சரிதான்.

ஆனா நம்ம ஊருக்கு ஒரு நிபந்தனை இருக்கு, அதான் துரு. உப்புக்காத்துல நிக்குற வண்டி உள்ளூர அரிச்சிருக்கும். தேவனாம்பட்டினம் பக்கமோ அரியாங்குப்பம் பக்கமோ வருஷக்கணக்கா வெளிய நிறுத்துன வண்டின்னா, இன்ஜினுக்குக் காசை எடுக்குறதுக்கு முன்னாடி வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கத்தைப் பாருங்க. கதவுக்குக் கீழ இருக்க ரன்னிங் போர்டு, முன்னாடி சஸ்பென்ஷன் டவர், பின்னாடி ஸ்பிரிங் உக்கார்ற இடம், இன்ஜின் மவுண்ட் மாட்டுற ஃபிரேம், இந்த இடத்தையெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டணும், கணீர்னு கேட்டா இரும்பு இருக்கு, பொத்துன்னு கேட்டா பெயிண்ட்டும் ஓட்டையை அடைச்ச பட்டியும்தான் இருக்கு. மீன் ஏத்துற குட்டி யானைங்களை துறைமுகத்துக்கிட்ட பாத்திருப்பீங்க, ஐஸ் உருகுன உப்புத்தண்ணி பின்னாடி ஃபிளாட்பாரத்துலருந்து சொட்டுச் சொட்டா சேசிஸ் மேல இறங்கிட்டே இருக்கும், இன்ஜின் நல்லா ஓடும்போதே சேசிஸ் போயிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு புது இன்ஜின் வைக்கிறது வேண்டாம்னு கையைப் பிடிச்சு சொல்வேன், குடும்பத்தை ஏத்துற வண்டியா இருந்தா இன்னும் கண்டிப்பா சொல்வேன். இன்ஜின் போனா ரோட்டுல நிக்கும். சஸ்பென்ஷன் மாட்டுன இடம் பிச்சுக்கிட்டா உயிர் போகும்.

ரெண்டாவது, ஆர்சி எப்ப முடியுதுன்னு பாருங்க. சொந்த வண்டிக்கு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். காருக்கு 600 ரூபாயா இருந்த அந்த ஃபீஸ் 2022 ஏப்ரல்லருந்து 5,000, 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025 ஆகஸ்ட்ல அதையும் 10,000 ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல எஃப்சிக்காக டிங்கர் வேலை, பெயிண்ட், டயர்னு இருக்கும். 14வது வருஷத்துல இன்ஜின் வேலை பண்றவங்க அடுத்த வருஷச் செலவையும் இதே கணக்குல சேத்துக்கணும். 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓடக்கூடாதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது டெல்லி சுத்துவட்டாரத்துக்கான கட்டுப்பாடு, அதைப் பாத்து பயந்து நல்ல பாடி இருக்க வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிடாதீங்க.

ஷெட்ல பேசும்போது எப்படிப் பேசணும்னு சிலர் கூச்சப்படுறாங்க. தேவையே இல்ல. "அண்ணே, கம்ப்ரஷன் எவ்ளோ காட்டுச்சு, எந்த சிலிண்டர்ல கம்மி?"ன்னு கேளுங்க. "ஹெட்டைக் கழட்டுனதும் எனக்கு ஒரு ஃபோன் அடிங்கண்ணே, நான் வந்து பாத்துட்டு சொல்றேன், அதுக்கப்புறம் மேல பிரிச்சுக்கலாம்"னு சொல்லிடுங்க. நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவப்பட மாட்டார், "வாங்க தம்பி, வந்து நீங்களே பாருங்க"ன்னு தான் சொல்வார். ஒரிஜினல் பார்ட்ஸா லோக்கலாங்கறதை ஐட்டம் வாரியா எழுதி வாங்குங்க. பேரிங், ரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட், இந்த நாலுலயும் லோக்கல் வேண்டவே வேண்டாம், மிச்சப்படுத்தணும்னா வேற எதுலயாவது பண்ணுங்க. மாத்துன பழைய பார்ட்ஸை ஒரு அட்டைப்பெட்டில போட்டு குடுக்கச் சொல்லுங்க. கேரண்டி எத்தனை மாசம், எத்தனை கிலோமீட்டர்ங்கறது பில்லுலயே இருக்கணும். வண்டி வந்தப்புறம் முதல் 1,000 கிலோமீட்டர் இழுக்காம ஓட்டணும், ஒரே வேகத்துலயும் ஓட்டக்கூடாது, ஏத்தி இறக்கி ஓட்டணும், அதுக்குள்ள ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்திடணும், ரிங்கும் போரும் உக்கார்றப்ப வர்ற இரும்புத்தூள் அதோட வெளிய வந்துடும்.

கடைசியா, எதனால போச்சுங்கற விஷயம், ஏன்னா அதை சரி பண்ணாத வரைக்கும் மேல சொன்ன எதுக்கும் உத்தரவாதம் இல்ல. நம்ம பக்கத்துல நான் அதிகமா பாக்குற காரணம் சூடு. கூலண்ட்டுக்குப் பதிலா வீட்டு போர்வெல் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்துறது, கடலோரத்துல அந்தத் தண்ணில இருக்க உப்பு உள்ள படிஞ்சு ரேடியேட்டர் குழாயெல்லாம் அடைக்கும், வாட்டர் பம்ப் இறக்கையை அரிக்கும், சித்திரை வெயில்ல டிராஃபிக்ல நின்னா சூடு காட்டுற முள்ளு மேல ஏறும். அப்ப நிறைய ஷெட்ல செய்ற வைத்தியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி தூக்கிப் போட்டுடறது. வண்டி சூடாகாம ஓடும், நமக்கும் திருப்தி. ஆனா இன்ஜின் அதுக்குத் தேவையான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இருக்க வண்டில இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு பெட்ரோலை கூடுதலா விட்டுக்கிட்டே இருக்கும், அந்தப் பெட்ரோல் போர் சுவத்துல இருக்க ஆயில் படலத்தைக் கழுவிடும், ரிங் காஞ்ச சுவத்துல உரசும். இப்ப போர் அடிச்சு புது பிஸ்டன் போட்ட இன்ஜினையும் அப்படியே கழுவும். அதனால இன்ஜின் ஏறுறதுக்கு முன்னாடி ரேடியேட்டரை கடைல குடுத்து சுத்தம் பண்ணி, அடைப்பு போகலைன்னா புதுசே போட்டு, ஃபேன் சரியான சூட்டுல ஓடுதான்னு பாத்து, நல்ல கூலண்ட் ஊத்தி, தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்துல இருக்கான்னு அந்த ஹவுசிங்கைக் கழட்டி உங்க கண்ணு முன்னாடியே காட்டச் சொல்லுங்க. இல்லைன்னா புதுசு ஒண்ணு போடச் சொல்லுங்க, நிறைய சின்ன காருக்கு அது ஆயிரம் ரூபாய்க்குள்ளதான்.